கோல்மார், தினான், சார்லா, கிரூயேர்: பிரெஞ்சு பேசும் சிற்றூர்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பாரிஸில் அண்ணன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ வந்து தங்குகிறவர்கள், ஈபிள் கோபுரம், லூவர், வெர்சாய் என்று முதல் நான்கைந்து நாளைக் கழித்த பிறகு, மீதியிருக்கும் இரண்டு மூன்று நாளில் போய்வர ஒரு சிறிய ஊரைச் சொல்லுங்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்களின் கைப்பேசியில் ஏற்கெனவே நான்கைந்து ஊர்களின் படங்கள் இருக்கும். மரச்சட்டம் தெரியும் பழைய வீடுகள், சன்னலோரப் பூத்தொட்டிகள், கல் பாவிய சந்துகள் என எல்லாப் படங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை வைத்து முடிவெடுக்க முடியாமல் திண்டாடுவார்கள். அல்சாஸ் பகுதியின் கோல்மார், வடமேற்கே பிரெத்தாஞ் பகுதியின் தினான், தென்மேற்கே தொர்தோஞ் மாவட்டத்தின் சார்லா, சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு பேசும் பகுதியில் உள்ள கிரூயேர் ஆகிய நான்கும்தான் இந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுகின்றன.

அழகில் இவை ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஆகவே அழகை அளவுகோலாக வைத்தால் தேர்வு நகராது. காலை பதினொரு மணி முதல் மாலை ஐந்து மணி வரை இவ்வூர்களில் கண்ணில் படுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலவே வந்திருக்கும் பயணிகள்தாம். ஊர் தன் போக்கில் இயங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால், சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிப் போன பிறகும், மறுநாள் அவை வந்து சேர்வதற்கு முன்பும் அங்கே இருக்க வேண்டும். அதாவது, ஓர் இரவாவது தங்க வேண்டும். எந்த ஊரில் உங்கள் குடும்பத்தால் சிரமமின்றித் தங்க முடியும் என்று கேட்டால், விடை தானாகவே தெளிவாகத் தொடங்கும்.

எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது, கார் இல்லாமல் போய்வர முடியுமா என்பது. பிரான்சின் அதிவேக ரயிலான டி.ஜி.வி. பெரிய நகரங்களுக்கு மிக நன்றாக இணைப்புத் தருகிறது. ஆனால் அங்கிருந்து சிற்றூருக்குப் போகும் டி.இ.ஆர். எனப்படும் வட்டார ரயில் பல தடங்களில் நாளுக்குச் சில தடவைதான் ஓடும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறையும். இரண்டாவது, மாலைக்குப் பிறகு ஊரில் என்ன மிஞ்சும் என்பது. பள்ளிக்கூடமும் ரொட்டிக்கடையும் வாரச்சந்தையும் உள்ள ஊர் இரவிலும் ஊராகவே இருக்கும். நினைவுப்பொருள் கடைகளை மட்டும் நம்பியிருக்கும் ஊர், கடை அடைத்ததும் வெறிச்சோடிவிடும்.

மூன்றாவது சாப்பாடு. இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். சிற்றூர் உணவகங்களில் மதியச் சமையல் 12 மணியிலிருந்து 2 மணி வரைதான்; அதன் பிறகு இரவு 7 மணி வரை அடுப்பு எரியாது. மூன்று மணிக்குப் பசியோடு போய் நிற்கும் குடும்பத்துக்குக் காப்பியும் கேக்கும் மட்டுமே கிடைக்கும். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் பாதிக் கடைகள் அடைத்திருக்கும் என்பதால், வேலை நாளில் கூட்டம் இருக்காது என்று எண்ணித் திங்களன்று போகிறவர்கள் கூட்டத்தோடு சேர்த்து ஊரையும் தவறவிடுகிறார்கள். நான்காவது, அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு முக்கியமானது: ஏற்ற இறக்கமும், உருளும் பெட்டியின் சக்கரத்தைப் பதம் பார்க்கும் கல் பாவிய தெருக்களும். ஐந்தாவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்.

| | கோல்மார் | தினான் | சார்லா | கிரூயேர் |
|---|---|---|---|---|
| பாரிஸிலிருந்து ரயிலில் | சுமார் இரண்டரை மணி நேரம், நேரடி ரயில் உண்டு | சுமார் மூன்று மணி நேரம், ஒரு மாற்றம் | ஐந்து மணி நேரத்துக்கு மேல், பொர்தோ வழியாக | ஐந்து மணி நேரத்துக்கு மேல், லோசான் வழியாக |
| கார் | தேவையில்லை | இருந்தால் நல்லது | ஏறக்குறைய கட்டாயம் | தேவையில்லை |
| தங்க வேண்டிய இரவுகள் | 2 | 2 | 3 | 1 அல்லது பகல் பயணம் |
| சைவ உணவு | ஓரளவு | எளிது | மிகக் கடினம் | பாலாடைக்கட்டியை ஏற்றால் எளிது |
| முதியோர் நடப்பதற்கு | சமதளம் | செங்குத்தான இறக்கம் | மையத்தில் எளிது | ஊருக்கு ஏறும் வழி மட்டும் சிரமம் |
| தவிர்க்க வேண்டிய காலம் | கிறிஸ்துமஸ் சந்தை வார இறுதிகள் | திங்கட்கிழமை, குளிர்கால மழை | ஜூலை, ஆகஸ்ட் | கோடை நண்பகல் |

கோல்மார்: சிரமமில்லாத தேர்வு

ஏறத்தாழ 70,000 பேர் வாழும் கோல்மாரைச் சிற்றூர் என்பது சற்று மிகைதான். அதுவே அதன் வசதியும் ஆகிறது. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் தங்கியிருப்பவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போகக்கூடிய கார் து லெஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து ரயில் கிளம்புகிறது. நேரடி ரயில் கிடைக்காவிட்டாலும், ஸ்ட்ராஸ்பூர் வரை போய் அங்கிருந்து அரை மணி நேரத்தில் கோல்மாரை அடைந்துவிடலாம். ஊர் சமதளமாக இருப்பதால் குழந்தை வண்டியோடும் மூட்டுவலியோடும் வருகிறவர்கள்கூடச் சுற்றிப் பார்க்கலாம்.

லோஷ் ஆற்றங்கரையில் உள்ள 'சின்ன வெனிஸ்' பகுதியைப் படமெடுத்ததோடு திரும்பிவிடுகிறவர்கள் கோல்மாரின் பெரிய செல்வத்தைத் தவறவிடுகிறார்கள். உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் ஈசன்ஹைம் பீடஓவியம் இருக்கிறது. 1512க்கும் 1516க்கும் இடையில் குரூனவால்ட் தீட்டிய இந்த ஓவியத் தொகுதி, ஈசன்ஹைம் ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகள் நடத்திய மருத்துவ மடத்துக்காகச் செய்யப்பட்டது. ரை தானியத்தில் படரும் பூஞ்சையால் வந்த, கைகால்கள் எரிந்து கருகும் நோய்க்கு அங்கே சிகிச்சை அளித்தார்கள். ஓவியத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடலெங்கும் புண்களும் முட்களும் பச்சை பாய்ந்த தோலும் தெரிகின்றன. ஆணி அறைந்த உள்ளங்கைகளிலிருந்து விரல்கள் ஆளுக்கொரு திசையாக முறுக்கி விரிந்திருக்கின்றன. நோயாளி தன் வலியை அந்த உடலில் காண வேண்டும் என்றே அப்படித் தீட்டப்பட்டது என்பது அதன் முன்னால் நிற்கும்போது புரிகிறது. இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை வடித்த பார்தோல்டி 1834இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். ஊரின் வடக்கு நுழைவாயிலில் 12 மீட்டர் உயரத்தில் அச்சிலையின் நகல் நிற்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அல்சாஸ் 1871 முதல் 1918 வரை ஜெர்மானியப் பேரரசில் இருந்தது. வீடுகளும் உணவும் ஊர்ப் பெயர்களும் ஜெர்மனியை நினைவூட்டுபவை. பிரெஞ்சு வாசனை வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது ஏமாற்றமாகலாம். இரண்டு பண்பாடுகள் கலந்த எல்லைப்புறத்தை விரும்புகிறவர்களுக்கு இதுவே ஈர்ப்பு. உணவில் பன்றி இறைச்சிக்குப் பஞ்சமில்லை. மெல்லிய மாவில் வெங்காயமும் வெண்பாலாடையும் பரப்பிச் சுடும் தார்த் ஃபிளாம்பேயில்கூடப் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் வழக்கமாகவே இருக்கும். அவை இல்லாமல் செய்துதரச் சொல்லிக் கேட்க வேண்டும். நவம்பர் கடைசியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைக் காலத்தில் விடுதி வாடகை வெகுவாக ஏறும்; வார இறுதியில் சந்துகளில் நின்று நின்றுதான் நகர முடியும். பிரான்சின் பெரும்பாலான பகுதிகளில் இல்லாத இரண்டு பொது விடுமுறைகள், பெரிய வெள்ளியும் டிசம்பர் 26உம், அல்சாஸில் உண்டு.

முதல் தடவை வருகிறவர்கள், பெற்றோருடன் வருகிறவர்கள், இரண்டு இரவு மட்டும் கையில் உள்ளவர்கள் யோசிக்காமல் கோல்மாரைத் தேர்ந்தெடுக்கலாம். வட்டவட்டமாகத் தெருக்கள் அமைந்த எகிஷைம் கிராமம் சைக்கிளில் போகும் தொலைவில்தான் இருக்கிறது. உண்மையான சிற்றூர் அனுபவம் வேண்டுமென்றால் இரண்டாவது இரவை அங்கே கழிக்கலாம்.

தினான்: என் சொந்த விருப்பம்

நான்கில் ஒன்றை மட்டும் சொல் என்றால் நான் தினானைச் சொல்வேன். சுமார் 14,000 பேர் வாழும் இந்த ஊர் பயணிகளை நம்பி மட்டும் பிழைப்பதில்லை. வியாழக்கிழமை காலைச் சந்தைக்குச் சுற்றுவட்டாரத்து மக்கள் கூடை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் கோட்டைச் சுவரையொட்டி ஓடுகிறார்கள். ரான்ஸ் ஆற்றுக்கு மேலே குன்றின் தலையில் ஊர் இருக்கிறது, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் அதைச் சூழ்ந்திருக்கிறது. மேல் ஊரிலிருந்து கீழே துறைமுகத்துக்கு இறங்கும் ஜெர்சுவால் தெருவில் ஒரு காலத்தில் நெசவாளர்களும் தோல் பதனிடுவோரும் வாழ்ந்தார்கள். இறங்கும்போது முழங்காலும் ஏறும்போது மூச்சும் பேசும் தெரு அது. மழை நனைத்த கல்லில் வழுக்கவும் வழுக்கும். முதியவர்களை மேல் ஊரிலேயே, மதில் மேல் நடக்கும் பாதையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஆற்றின் அழகு அங்கிருந்தே முழுதாகத் தெரியும்.

சென் சோவர் தேவாலயத்தில், 1380இல் இறந்த படைத்தலைவர் பெர்த்ரான் து கெக்லானின் இதயம் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. உடலின் மற்றப் பகுதிகள் வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்டன. எலும்புகள் பாரிஸுக்கு வடக்கே உள்ள சென் தெனி பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பாரிஸில் தமிழர்கள் அன்றாடம் கடந்துபோகும் சென் தெனிக்கும் இந்த ஊருக்கும் இப்படி ஓர் இணைப்பு இருப்பது பலருக்குத் தெரியாது.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்த நான்கில் இதுதான் நல்ல ஊர். பிரெத்தாஞ் மக்களின் அன்றாட உணவான கலேத், பக்வீட் என்னும் தானியத்தின் மாவை உப்பும் நீரும் விட்டுக் கரைத்து, வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றி, சிறிய மரத்துடுப்பால் நம் வீட்டுத் தோசையைப் போலவே இழுத்து வார்ப்பது. ஓரம் மொறுமொறுவென்று வந்ததும் நடுவில் முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்து நான்கு பக்கமும் மடித்துச் சதுரமாகத் தருவார்கள். பட்டியலில் முதலில் இருக்கும் 'கொம்ப்ளேத்' வகையில் பன்றித்தொடை இறைச்சி சேர்ந்திருக்கும். அது வேண்டாம் என்றால் காளான், கீரை, வெங்காயம் என்று வேறு வழிகள் எப்போதும் உண்டு. ஒரு சிலர் முட்டை சேர்த்தும் மாவைக் கரைப்பார்கள் என்பதால், முட்டை தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

போவதற்கு, மோன்பர்னாஸ் நிலையத்தில் சென் மாலோ செல்லும் டி.ஜி.வி.யில் ஏறி, தோல் து பிரெத்தாஞில் வட்டார ரயிலுக்கு மாற வேண்டும். அந்த இரண்டாவது ரயில் நாளுக்குச் சில தடவைதான் என்பதே தினானின் முதன்மையான மறைமுகச் செலவு: இணைப்புத் தவறினால் டாக்சிதான், அதன் கட்டணம் டி.ஜி.வி. சீட்டின் விலையையே எட்டிப்பிடிக்கலாம். கடற்கரை ஊரான சென் மாலோவுக்குப் பேருந்து உண்டு. கோடையில் ரான்ஸ் ஆற்றின் வழியாகப் படகிலும் போகலாம். 1966 முதல் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் 240 மெகாவாட் நிலையம் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. கடலோரப் பாறைத்தீவில் மடம் நிற்கும் மோன் சென் மிஷேலையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் கார் எடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். மழைக்கு ஒரு மேலங்கி எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும்.

சார்லா: கார் ஓட்டத் தெரிந்தால் மட்டும்

பழமை குலையாமல் இருப்பதில் சார்லாவை விஞ்ச இந்த நான்கில் எதுவும் இல்லை. பழைய நகரப்பகுதிகளை மொத்தமாகப் பாதுகாக்கும் சட்டம், பண்பாட்டு அமைச்சர் மல்ரோவின் முயற்சியால் 1962இல் வந்தபோது, அதன்படி முதன்முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் முன்னோடியாக நின்றது இதுதான். தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர்களும், தட்டைக் கற்களை அடுக்கி வேய்ந்த கூரைகளும் மாலை வெயிலில் ஒரே நிறமாக மாறும். சனிக்கிழமைச் சந்தை ஊர் முழுவதும் பரவும். புதன்கிழமைச் சந்தை சிறியது, ஆனால் அமைதியானது.

சார்லாவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேரின் இலக்கு, 1940 செப்டம்பரில் கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்கோ குகை ஓவியங்கள். பார்வையாளர்களின் மூச்சுக்காற்றால் ஓவியங்கள் கெடத் தொடங்கியதால் 1963இலேயே அசல் குகை மூடப்பட்டுவிட்டது. 2016இல் திறந்த முழுமையான நகல்தான் இப்போது காட்டப்படுகிறது. நேரம் குறித்த சீட்டு என்பதால் கோடையில் முன்பதிவு அவசியம். நகலை விட்டு வேறொரு குகையின் அசல் ஓவியங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள், குறைந்த எண்ணிக்கையில் ஆட்களை அனுமதிக்கும் ஃபோன் து கோம் குகைக்கு முயலலாம். தொர்தோஞ் ஆற்றங்கரையில் உள்ள பெனாக் கோட்டையும் பாறையோடு ஒட்டிய ரோக் கஜாக் கிராமமும் அரை மணி நேரத் தொலைவில் உள்ளன. பொதுப் பேருந்தை நம்பி இவற்றை ஒரே பயணத்தில் இணைப்பது வீண் முயற்சி.

எனவே சார்லாவின் உண்மையான செலவு வாடகைக் காருடையது. தானியங்கிக் கியர் கார் கேட்டால் வாடகை கூடும். ஓட்டுபவரின் பெயரிலேயே கடன் அட்டை இருக்க வேண்டும், அதில் வைப்புத்தொகையைப் பிடித்து வைப்பார்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்குச் சாலையின் வலப்பக்கமும், குறுகிய கிராமச் சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியும் முதல் நாள் முழுவதும் பதற்றம் தரும். ஓய்வுக்கென்று வந்த இடத்தில் அந்தப் பதற்றம் வேண்டுமா என்பதைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சாப்பாடு இன்னொரு தடை. வாத்தும் அதன் கொழுப்பும் இல்லாமல் இப்பகுதிச் சமையல் இல்லை. உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று சைவக்காரர் கேட்டு வாங்கும் 'சார்லாதேஸ்' உருளைக்கிழங்கு வாத்துக்கொழுப்பில் பொரித்தது. அக்ரூட் கொட்டைகளும் அவற்றின் எண்ணெயும் அருமையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று நாளைக்கு அவற்றை மட்டும் உண்டு ஓட்ட முடியாது. சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்து, அரிசியும் பருப்பும் லாச்சப்பலிலிருந்து கொண்டுபோவதே பல தமிழ்க் குடும்பங்களுக்கு ஒத்துவரும் ஏற்பாடு. அசைவம் உண்கிற, காரோட்டத் தயங்காத, வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர் குழுவுக்கு மட்டும், மே மாதத்திலோ செப்டம்பரிலோ, சார்லாவை முழு மனதோடு பரிந்துரைப்பேன்.

கிரூயேர்: பகல் போதும்

பாரிஸிலிருந்து இதற்கென்றே போக வேண்டியதில்லை. ஜெனீவாவிலோ பேர்னிலோ சூரிக்கிலோ உறவினர் உள்ளவர்களுக்கும், சுவிஸ் பயணச்சீட்டு ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் இது எளிய தேர்வு. மேல் ஊர் என்பது ஒரே ஒரு அகன்ற தெரு. அதன் முடிவில் கோட்டை. கடைசிப் பிரபு மிஷேல் 1554இல் கடனில் மூழ்கியதால் நிலமெல்லாம் பேர்னுக்கும் ஃபிரிபூருக்கும் பிரிந்துபோன கதையைக் கோட்டைக்குள் கேட்கலாம். ஒரு ஹாலிவுட் விண்வெளித் திகில் படத்துக்கு வேற்றுக்கோள் உயிரியை வடிவமைத்து 1980இல் ஆஸ்கர் பெற்ற ஓவியர் கீகரின் அருங்காட்சியகம் அதே தெருவில் இருப்பது விநோதம். சிறு பிள்ளைகளை அதற்குள் கூட்டிப்போக வேண்டாம்.

ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பாலாடைக்கட்டி செய்யும் கூடம் இருக்கிறது. சுமார் 35 கிலோ எடையுள்ள ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 400 லிட்டர் பால் தேவை; அதைச் செப்புக் கொப்பரையில் உறைய வைப்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். அந்தப் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கெட்டிப் பாலேட்டோடு தரும் மெராங் இனிப்பில் அந்தப் பிரச்சினை இல்லை, முட்டை வெள்ளைக்கரு மட்டும் உண்டு. எல்லா விலையும் சுவிஸ் ஃபிராங்கில். பிரான்ஸ் விலையோடு ஒப்பிட்டால் ஒரு வேளை சாப்பாடே வயிற்றைக் கலக்கும். ஷெங்கன் விசா இருந்தால் தனி விசா தேவையில்லை.

எல்லா ஊர்களுக்கும் பொதுவான சில செலவுகள்

பிரெஞ்சு விடுதிகளில் வாடகைக்கு மேல் ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தங்கல் வரி சேரும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது இல்லை. வாடகை வீடுகளில் துப்புரவுக் கட்டணம் தனி என்பதால், ஓர் இரவுக்கு அவை விடுதியைவிட விலை கூடியதாகவே முடியும். மூன்று இரவுக்கு மேல்தான் கட்டுப்படியாகும். டி.ஜி.வி. கட்டணம் நாள் நெருங்க நெருங்க ஏறும், வட்டார ரயில் கட்டணம் பொதுவாக அப்படி ஏறுவதில்லை. ஆகவே முதலில் டி.ஜி.வி., அடுத்து விடுதி, கடைசியில் மற்றவை என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள்.

டொரொன்டோவிலிருந்து கேட்பவர்கள் அட்லாண்டிக்கைக் கடக்கவே தேவையில்லை. கியூபெக் நகரத்துக்கு வடகிழக்கே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள பே சென் போல், ஓவியக்கூடங்கள் நிறைந்த பிரெஞ்சு மொழிச் சிற்றூர். சிர்க் து சொலேய் சர்க்கஸ் குழுவின் வேர்கள் அங்கே தெருவில் பொய்க்காலில் நடந்த கலைஞர்களிடம் இருக்கின்றன. கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் அது பொருத்தமானது.

ஒரே ஒரு நாள்தான் கையில் உண்டு என்றால், மேலே சொன்ன எதற்கும் போக வேண்டாம். பாரிஸ் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கும் புரோவேனுக்குப் போங்கள். இடைக்காலத்தில் ஷாம்பாஞ் வணிகச் சந்தைகள் கூடிய இந்த ஊர், 2001 முதல் யுனெஸ்கோ மரபுச் சின்னம். கார் து லெஸ்டிலிருந்து 'P' தட ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பாரிஸ் வட்டாரப் போக்குவரத்துக்கான நாவிகோ அட்டையில் எல்லா மண்டலங்களுக்குமான வாராந்திரச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சீட்டு வேண்டாம். அந்த வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும் என்பதால், வாரத்தின் நடுவில் வாங்குகிறவர்கள் கணக்குப் பார்த்து வாங்குங்கள். நிலையத்திலிருந்து மேல் ஊருக்கு ஏற்றத்தில் நடக்க வேண்டும். மதிய உணவை முடித்துக்கொண்டு பிற்பகலில் போய்ச் சேர்ந்து, மதிலையும் கோபுரத்தையும் பார்த்து, இரவு உணவையும் அங்கேயே முடித்துத் திரும்பினால் கூட்டம் கலைந்த ஊரைப் பார்க்கலாம். கடைசி ரயில் நேரத்தை மட்டும் போகும்போதே நிலையத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.